லிஃப்ட் மாமாவின் எண்பத்திரண்டு செகண்டு

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் ஓர் ஆசை வந்தது. உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பத்தொன்பது வருடம் லிஃப்டில் நின்றவருக்கு அது சின்ன ஆசை இல்லை. ஏழு மாடி ஆஸ்பத்திரி. பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு லிஃப்ட் தனியாக ஓடுகின்றன. பட்டனை அவர்களே அமுக்கிக்கொள்வார்கள். மாமா இருப்பது ஸ்ட்ரெச்சர் ஏறுகிற லிஃப்டில். அதற்குள் ஒரு முக்காலியும் உண்டு. ஆனால் நோயாளி உள்ளே இருக்கும்போது ஆபரேட்டர் நிற்க வேண்டும் என்பது விதி. நோயாளி இல்லாமல் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் அந்த லிஃப்டில் இருந்ததே இல்லை.

"என் சாப்பாட்டு டப்பா பத்தொன்பது வருஷமா முக்காலியில உக்காந்துருக்கு மாப்ள. நான்தான் நிக்கறேன்," என்பார்.

முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலநீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும். அதே ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டியிருக்கிறார். "நிக்கற வேலையை விட்டுடுங்க, இல்லன்னா புண்ணாயிடும்," என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து அதே டாக்டர் அதே லிஃப்டில் ஏறி, "அஞ்சு" என்றாராம். மாமாவும் ஐந்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டினார்கள். இரண்டாம் மாடியில் திரை அறை என்று ஒரு சின்ன அறை. ஆஸ்பத்திரி முழுக்கத் தொங்குகிற டிவிகளில் என்ன ஓட வேண்டும் என்பதை அங்கே உட்கார்ந்து செய்வார்கள். டாக்டர் வரும் நேரம், ரத்தம் தேவை என்ற அறிவிப்பு, அடுத்து யார் உள்ளே போக வேண்டும் என்ற பெயர். அங்கே ஓர் உதவியாள் தேவை. ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களே விண்ணப்பிக்கலாம். எழுத்துகளைத் திரையில் நகரவைக்கும் பயிற்சி முடித்த சான்றிதழ் இருக்க வேண்டும். கடைசி நாள் ஏழு மாதம் தள்ளி.

அந்தப் பயிற்சி நான் படித்த கல்லூரியிலேயே நடக்கிறது. சனி, ஞாயிறு வகுப்பு, ஆறு மாதம். நான் அங்கேதான் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளனாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அக்கா வீட்டுக் கூடத்தில் நான் கறுப்பு அங்கி போட்ட படத்தை அவர்கள் கல்யாணப் படத்தைவிடப் பெரிதாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

"வர்றவங்க எல்லாம் உங்க அக்கா யாரைக் கட்டிக்கிட்டான்னு குழம்பிப் போறாங்கடா," என்று மாமா அதையும் சொல்லிக் காட்டுவார்.

விண்ணப்பப் படிவத்தை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றிருந்தது. மாமா தேறியிருந்தார். முப்பத்து நாலு வயதில், மூன்றாவது தடவை எழுதி. ஏழாம் மாடிக்கு வெறும் லிஃப்டை அழைத்தால் போய்ச் சேர்வதற்குள் ஒரு பத்தி படிப்பாராம். அவர் வாசிப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் வைத்து ருசி பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். செய்தித்தாளின் முதல் பக்கம் முடிய அரை மணி நேரம்.

"இவரு பேப்பர் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த நாள் பேப்பர் வந்துடும்," என்பாள் அக்கா.

"வரட்டுமே. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் எது பொய்யின்னு தெரியும்," என்பார் இவர்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது இருபது வயதுப் பிள்ளைகள் பதினெட்டு பேர் இருந்தார்கள். இவர் ஏசி பார்க்க வந்தவர் என்று நினைத்து ஒரு பெண், "அண்ணா, அந்த மூலையில காத்தே வரல," என்றாள். இவர் நாற்காலி போட்டு ஏறி மூடியைக் கழற்றிப் பார்த்து, "தூசி அடைச்சிருக்கும்மா, ஆபீஸ்ல சொல்லணும்," என்று சொல்லிவிட்டு இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். வகுப்பே வாயைப் பிளந்தது.

மவுஸ் பிடிக்கப் பழக மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் முன்னால் அவருக்குப் புரிந்தது. எழுத்து திரைக்குள் வரும்போது ஒரே வேகத்தில் வந்து டக்கென்று நின்றால் சுவரில் முட்டினதுபோல் இருக்கும். கிளம்பும்போது மெதுவாக, நடுவில் வேகமாக, நிற்கும்போது மறுபடி மெதுவாக வர வேண்டும். வாத்தியார் இதை வரைபடம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். மாமா கையைத் தூக்கினார்.

"சார், ஸ்ட்ரெச்சர்ல படுத்துருக்கறவருக்கு லிஃப்ட் நின்னதே தெரியக் கூடாதுல்ல, அந்த மாதிரியா?"

வாத்தியார் வரைபடத்தை அழித்தார். "அதேதான். எல்லாரும் எழுதிக்குங்க," என்றார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கும் அவர் லிஃப்ட் மாமா.

கடைசி இரண்டு மாதம் ப்ராஜெக்ட். எடுக்காத ஒரு படத்துக்கு எழுத்து ஓட்டம் செய்ய வேண்டும். படம் தொடங்கும்போது தலைப்பும், யார் யார் வேலை செய்தார்கள் என்ற பெயர்களும் வருமே, அது. பன்னிரண்டு பெயராவது இருக்க வேண்டும். மொத்தம் அறுபது செகண்டுக்குள் முடிய வேண்டும். நூறு மார்க், ஐம்பது எடுத்தால் சான்றிதழ்.

மற்றவர்கள் பேய்ப் படம், திருட்டுப் படம் என்று கற்பனை செய்துகொண்டார்கள். மாமா வைத்த தலைப்பு: 'தரைத்தளம் முதல் ஏழு வரை'. நடிகர், இயக்குநர் யாரும் கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பன்னிரண்டு பேர்தான் பெயர்ப் பட்டியல். ஒவ்வொருவருக்கும் மூன்று வரி. பெயர், செய்கிற வேலை, எந்த மாடி.

பெயர் வாங்குவதே பெரிய பாடாகிவிட்டது. பத்தொன்பது வருடமாக அவர்களை இவருக்குத் தெரியும். ஆனால் 'பெட்ஷீட்டு', 'சிலிண்டரு', 'எக்ஸ்ரே அண்ணே' என்றுதான் தெரியும். அவர்களுக்கும் இவர் 'லிஃப்ட்டு'தான். ஐந்தாம் மாடியைக் கூட்டித் துடைக்கிற அம்மாவிடம் முழுப் பெயர் கேட்டதற்கு அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தாராம். "எழுதப் போறியா? அப்ப எங்கப்பா பேரையும் சேர்த்து எழுதுப்பா," என்றிருக்கிறார். வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு லிஃப்டில் ஏறும்போதெல்லாம், "என் படம் எப்பப்பா வருது?" என்பது வாடிக்கையாயிற்று.

முதலில் செய்ததை வீட்டுக்கு எடுத்து வந்து எனக்குக் காட்டினார். பெயர் மெல்ல வந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது, பிறகு போயிற்று. ஏழு பெயர் முடிவதற்குள் அறுபது செகண்டு ஓடிவிட்டது.

"என்ன மாமா இது, சவ ஊர்வலமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "அவ்வளவு மெதுவாவா இருக்கு?"

"ஒரு எழுத்து வர்றதுக்குள்ள நான் கல்யாணமே பண்ணிடலாம்."

"உனக்கு எவ பொண்ணு தருவா?" என்று அக்கா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்.

நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெயர் சிதறின துண்டுகளாகப் பறந்து வந்து ஒன்று சேர்வது, சுழல்வது, கண்ணாடி மாதிரி நொறுங்கி மறைவது என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நாலு செகண்டுக்கு ஒரு பெயர். ஒன்றரை செகண்டு கூடுவதற்கு, ஒன்றரை செகண்டு நொறுங்குவதற்கு, நடுவில் ஒரு செகண்டு நிற்கும். தலைப்புக்குப் பத்து. மொத்தம் ஐம்பத்தெட்டு செகண்டு. ஓட்டிப் பார்த்தோம். பட்டாசு மாதிரி இருந்தது. மாமாவுக்கும் பிடித்துப் போயிற்று. ஐம்பது தடவை போட்டுப் பார்த்திருப்பார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த புதிதில் பேச்சும் நடையும் மெதுவாகத்தான் இருக்கும். கூடப் படித்தவர்கள் என் பேச்சை இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். முதல் வருடம் முடிவதற்குள் வேகமாகப் பேசவும், வேகமாகத் தட்டச்சு செய்யவும், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லவும் பழகிக்கொண்டேன். வேகம்தான் படித்தவனுக்கு அடையாளம் என்று எனக்குள் பதிந்துவிட்டது. மாமாவுக்கு அன்றைக்கு நான் சொல்லிக் கொடுத்தது அந்த அடையாளத்தைத்தான்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் மாமாவுக்கு ஒரு யோசனை. பெரிய திரையில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். வகுப்பிலேயே, ஆயிரம் தடவை பார்த்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, புதுக் கண்ணுக்குக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். திரை அறையின் பொறுப்பில் இருந்த மேடத்திடம் போய்க் கேட்டார். கண்டிப்பான பெண்மணி. இருந்தும், வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்தானே என்று ஒத்துக்கொண்டார். தரைத்தளக் காத்திருப்புக் கூடத்தில் இருக்கும் பெரிய டிவியில், மதியம் ரெண்டரை மணிக்கு. டாக்டர்கள் சாப்பிடப் போகிற நேரம். யாரையும் கூப்பிட மாட்டார்கள். சத்தம் கிடையாது. ஒரே ஒரு தடவை.

அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். லிஃப்டில் பத்து நிமிஷத்துக்கு வேறொருவரை நிற்க வைத்துவிட்டு மாமா லிஃப்டுக்கு எதிரே இருந்த தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். எல்லார் கண்ணும் அந்த டிவி மேல்தான். மணிக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காத ஒன்று அங்கேதான் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கிடையாது. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த டிவியில்தான் பெயர் வரும்.

முதல் பெயர் பறந்து வந்து கூடியது, கீழே 'மூன்றாம் மாடி' என்று மின்னியது, நொறுங்கியது. நடுவரிசையில் ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அடுத்த பெயருக்கு ஒரு அம்மா, பிறகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு மகன். பன்னிரண்டு பெயரும் முடிவதற்குள் ஏழு பேர் எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் நேராக லிஃப்டுக்குத்தான் வந்தார்கள்.

"ஆறாவது மாடி போகணும்ங்க. எங்கம்மா பேரு வந்துச்சு."

"எனக்கு ரெண்டாவது."

"எங்களுக்கு எத்தனாவதுன்னு சரியாப் பாக்கல. நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா, அது கூப்பிடல. அது... அது ஒரு படம்," என்றார் மாமா.

"படமா? எங்க பேரை எதுக்குப் படத்துல போட்டீங்க?"

அவர் வேர்த்துப் போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கைத்தடிப் பெரியவரைக் காணவில்லை என்பது எனக்கு உறைத்தது. லிஃப்டில் கூட்டம் என்று அவர் படியேறிவிட்டிருந்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒருவர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடித்ததும் முகம் தெளிந்தது.

மாமா கீழ்ப் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஐயா, அது உங்க பேர்தானா?"

"அது தெரியலப்பா," என்றார் பெரியவர். "முதல் எழுத்து என்னோடதுதான். மிச்சத்தைப் பாக்கறதுக்குள்ள பறந்துடுச்சு. ஒருவேளை எனக்கா இருந்து நான் எந்திரிக்காம விட்டுட்டா? இன்னிக்குப் பொழுதும் போச்சு, இன்னொரு நாள் வேற வரணும்ல? அதான் ஏறிட்டேன்."

பிறகுதான் விசாரித்தோம். எழுந்த ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்தப் பெயர். மற்ற ஐந்து பேரும் முழுசாகப் படிக்க முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்தவர்கள்.

மேடம் மாமாவை அறைக்குக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"இதுக்குத்தான் ஓட்டச் சொன்னேனா? அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா யாரு பதில் சொல்றது?"

"தப்புதான் மேடம்."

"உங்களுக்கு இங்க வேலை கொடுத்தா தினமும் இதுதான் நடக்கும்போல இருக்கே?"

மேடம் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மருந்துக் கவுண்டர்ல இருக்கற பையனும் இதே படிப்பு முடிச்சிட்டு விண்ணப்பம் போட்டிருக்கான். நீங்க சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அதோட இந்த ப்ராஜெக்டையும் கொண்டு வந்து என்கிட்ட போட்டுக் காட்டணும். ரெண்டையும் பார்த்துட்டுதான் சொல்வேன்."

வெளியே வந்தவர் நேராக லிஃப்டைப் பார்த்து நடந்தார். நான்தான், "என்னாலதான் மாமா," என்றேன். "விடு மாப்ள. எனக்கும் நல்லாத்தானே இருந்துச்சு," என்று மட்டும் சொன்னார்.

அதை நான் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். செய்தித்தாளின் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற மனுஷனுக்கு அந்த ஒரு செகண்டு எப்படிப் போதும் என்று தோன்றியது? பன்னிரண்டு பெயரும் அவருக்கு மனப்பாடம். அவர் அவற்றைப் படிக்கவே இல்லை. வருவதைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார், அவ்வளவுதான். எனக்கும் அதே கதை. எழுத்தைச் செய்கிறவனுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் போய்விடுகிறது.

அடுத்த வாரம் முழுக்க மாமா சாப்பாட்டு நேரத்தில் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். கையில் ஒரு கட்டு அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று வரி பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம், "இதைக் கொஞ்சம் படிங்களேன்," என்று நீட்டுவார். படிக்கிறவரின் உதட்டையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் எண்ணுவார். கண்ணாடி மறந்து வந்தவர், ராத்திரி முழுக்கத் தூங்காதவர், வலியில் இருப்பவர், படித்து வெகுநாள் ஆனவர். நாற்பத்தோரு பேர். மூன்று வரிக்கு ஆறு செகண்டு இருந்தால் அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் படித்துவிடுகிறார்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

பறக்கிறது, சுழல்கிறது, நொறுங்குகிறது எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பெயர் கீழேயிருந்து மேலே கொஞ்சம் எழும்பி வந்து, வந்ததே தெரியாமல் நிற்கும். பிறகு மேலேயே போய்விடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு பெயருக்கு எழுபத்திரண்டு, தலைப்புக்குப் பத்து. எண்பத்திரண்டு செகண்டு.

"மாமா, நேரம் தாண்டினா இருபது மார்க் பிடிச்சுடுவாங்க."

"தெரியும்."

"ஆறு செகண்டை நாலா குறைங்க."

"நாலுல படிச்சது இருபத்தி ரெண்டு பேருதான். மிச்சம் பத்தொன்பது பேரு எங்க போவாங்க?"

"அப்ப நாலு பேரைத் தூக்குங்க. எட்டுப் பேருன்னா சரியா வரும்."

"பன்னெண்டு இருக்கணும்னு அவங்கதானே சொல்லியிருக்காங்க?"

"பெயர் குறைஞ்சா அஞ்சு மார்க்தான் போகும். நேரம் தாண்டினாத்தான் இருபது."

"சரி, யாரைத் தூக்கறது? நீயே சொல்லு." நோட்டை என் பக்கம் தள்ளினார். நான் பட்டியலைப் பார்த்தேன். ஐந்தாம் மாடி அம்மாவின் பெயர், அவர் அப்பா பெயரோடு சேர்ந்து, ஒரு வரி முழுக்க நீண்டு கிடந்தது. நோட்டைத் திருப்பித் தள்ளிவிட்டேன்.

அக்கா அன்றைக்குச் சாயங்காலம் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, மொதல்ல அந்தச் சான்றிதழை வாங்கிடுங்களேன். தம்பி பழசை வெச்சிருக்கான்ல, ஐம்பத்தெட்டு செகண்டு. அதைக் கொடுத்துடுங்க. இது போச்சுன்னா இன்னும் எத்தனை வருஷம் நிப்பீங்க? இந்தக் காலைப் பாருங்க."

மாமா காலைப் பார்த்தார். "அந்த மேடம் அதைத்தானேடி பாக்கப் போறாங்க. நொறுங்கறதையே மறுபடி கொண்டு போய்க் காட்டவா?"

"ரெண்டு செஞ்சிருக்கீங்கல்ல. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

உண்மையில் அது நல்ல யோசனை. நானும் அதைத்தான் சொன்னேன். பென் டிரைவில் இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சொந்தக்காரன் என்பதால் நான் மார்க் போடும் இடத்தில் இருக்கக் கூடாது. கருவிகளை இயக்கிவிடுவது மட்டும்தான் என் வேலை. மாமாவின் முறை வந்தது. பென் டிரைவை என் கையில் கொடுத்தார்.

"எதைப் போட?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"ரெண்டாவது."

"மாமா..."

"போடு மாப்ள."

ஓடியது. ஐந்தாவது பெயருக்கு வெளித்தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாவது பெயர் மேலே போனதும், "எவ்வளவு நேரம்?" என்றார்.

"எண்பத்திரண்டு செகண்டு சார்."

"அறுபதுன்னு சொன்னது தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்?"

மாமா நோட்டை எடுத்து நீட்டினார். நாற்பத்தோரு பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை செகண்டு, கண்ணாடி உண்டா இல்லையா என்று எழுதியிருந்த பக்கம். தேர்வாளர் அதை நிதானமாகப் புரட்டினார். "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க," என்றார். "ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எழுபத்து மூன்று போட்டு, அதில் இருபதைக் கழித்தார். ஐம்பத்து மூன்று. வகுப்பிலேயே கடைசி மார்க். முதல் மார்க் வாங்கியது எழுத்தெல்லாம் தீப்பிடித்து எரிகிற ஒரு பேய்ப் படம்.

சான்றிதழின் கீழே, 'கால அளவு மீறல்' என்று சிறிய எழுத்தில் அடித்திருந்தார்கள். அதை மறைத்து மடிக்க முடியுமா என்று அக்கா பார்த்தாள். முடியவில்லை.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மாமா திரை அறைக்குப் போனார். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேடம் சான்றிதழை வாங்கியதும் அந்தக் கீழ் வரியைத்தான் முதலில் படித்திருக்கிறார். "எவ்வளவு மீறினீங்க?" "இருபத்திரண்டு செகண்டு." "போடுங்க பாப்போம்." நின்றுகொண்டே பார்த்திருக்கிறார். முடிந்ததும் மாமா கையிலிருந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். அதன் கடைசிப் பக்கத்தில் மாமா வேறொரு கணக்கும் எழுதி வைத்திருந்தார்.

"இது என்ன, ரெண்டு செகண்டுன்னு?"

"நம்ம டிவியில கூப்பிடற பேரு அவ்வளவு நேரம்தான் நிக்குது மேடம். எங்க படத்தை ஓட்டறதுக்கு முன்னாடியும் அங்க அதே கதைதான்."

"ரெண்டு செகண்டா? இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையே."

"யாரு வந்து சொல்லுவாங்க மேடம்? பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேட்டுக்குவாங்க. இல்லன்னா எந்திரிச்சுப் போய்ப் பாப்பாங்க."

மேடம் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு, "மருந்துக் கவுண்டர் பையன் உங்களை விட நல்லா செய்றான். அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்," என்றார். "தெரியும் மேடம்," என்றார் மாமா. "ஆறு மாசம் பாக்கறேன். சரியா வரலன்னா மறுபடி லிஃப்ட்தான். ஒண்ணாந்தேதியிலிருந்து வாங்க."

இப்போது நாலு மாதம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாமா, பெயர் ஆறு செகண்டு நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவு நேரம் நின்றால் வரிசை நகராது என்று பெயர் கூப்பிடுகிற கவுண்டர்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேசிப் பேசி நாலு செகண்டில் வந்து நின்றது. மாமா விடவில்லை. மாதம் ஒரு கடிதம். யார் யார் எழுந்து வந்து கேட்டார்கள், யாருக்கு முறை தவறியது என்று எழுதி மேடத்தின் மேஜையில் வைத்துவிடுவார்.

"உக்காரணும்னு போனாரு. இப்ப பாரு, பாதி நேரம் கூடத்துல நின்னுக்கிட்டு யாரு எந்திரிக்கறாங்கன்னு எண்ணிக்கிட்டு இருக்காராம்," என்று அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். கால் வீக்கம் மட்டும் முன்னைக்குக் குறைந்திருக்கிறது.

போன வாரம் மேடம் இன்னும் அரை செகண்டு கொடுத்திருக்கிறார். நாலரை. மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கணக்குக் காட்டினார். திரையில் செகண்டுக்கு இருபத்தைந்து ஃபிரேம், அதாவது இருபத்தைந்து தனித்தனிப் படம், ஓடுகிறது என்றால் நாலரை செகண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டரை வருகிறது. அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. ஒன்று குறைக்க வேண்டும், இல்லை கூட்ட வேண்டும்.

"நூத்திப் பதிமூணாப் போட்டுட்டேன்," என்றார். "மேடத்துக்கிட்ட சொல்லல."